தரவுத்தளப் பொறித் தேர்வு

தரவுத்தளப் பொறி என்பது ஒரு மென்பொருளின் தரவுகளைச் சேமித்தல், தேடி எடுத்தல், திருத்தல், பாதுகாத்தல் ஆகிய பணிகளைச் செய்யும் உட்பகுதி ஆகும். ஒரு நிறுவனத்தின் தேவைக்கெனத் தனியாக எழுதப்படும் மென்பொருளில், நிரலாக்கக் கருவியோடு சேர்ந்தே வரும் உள்ளிணைந்த பொறியைப் பயன்படுத்துவதா, வேறொருவர் உருவாக்கிய மூன்றாம் தரப்புப் பொறியைப் பயன்படுத்துவதா என்பது தொடக்கத்திலேயே எடுக்க வேண்டிய முடிவு. திரையின் தோற்றத்தையோ அறிக்கையின் வடிவத்தையோ பின்னர் எளிதில் மாற்றலாம். பல ஆண்டுத் தரவு குவிந்த பின் அதன் அடியில் உள்ள பொறியை மாற்றுவது கடினம். மென்பொருளைவிட அதில் உள்ள தரவு நீண்ட காலம் வாழும் என்பதால் இந்த முடிவு முக்கியத்துவம் பெறுகிறது.

பொறி செய்யும் வேலை

தரவை ஒரு சாதாரண உரைக் கோப்பிலும் எழுதி வைக்கலாம். ஆனால் கோப்பு பெரிதாகும்போது ஒரு பதிவைத் தேட முழுக் கோப்பையும் படிக்க வேண்டியிருக்கும். இருவர் ஒரே நேரத்தில் எழுதினால் ஒருவர் எழுதியது அழிந்துபோகும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் பாதி எழுதப்பட்ட கோப்பே மிஞ்சும். இந்த மூன்று இடர்களையும் தரவுத்தளப் பொறி கையாள்கிறது.

தேடலை விரைவாக்க அது சுட்டெண்களை வைத்துக்கொள்கிறது. இவை ஒரு நூலின் பின்னால் உள்ள பொருளடைவைப் போன்றவை. ஒருவர் எழுதும்போது மற்றவர் குறுக்கிடாதபடி பூட்டுகளைப் பயன்படுத்துகிறது. தொடர்புடைய பல மாற்றங்களை ஒரே பரிமாற்றமாகக் கட்டி, எல்லாம் நடக்க வேண்டும் அல்லது எதுவுமே நடக்கக் கூடாது என்று உறுதி செய்கிறது. ஒரு கணக்கிலிருந்து 500 ரூபாய் கழிக்கப்பட்டு மற்றொரு கணக்கில் சேரும் முன் கணினி நின்றுவிட்டால், மீண்டும் இயங்கும்போது பொறி முதற் கணக்கின் கழிவையும் நீக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். முழுமை, ஒருங்கிசைவு, தனிமை, நிலைப்பு என்னும் நான்கு பண்புகளாக இதனை 1983-இல் தியோ ஹெர்டர், ஆந்திரியாஸ் ராய்ட்டர் ஆகியோர் தொகுத்துக் கூறினர். இந்நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஆசிட்' என்று அழைப்பர். எந்தப் பொறியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்நான்கையும் அது எந்த அளவுக்கு நிறைவேற்றுகிறது என்பதே முதலில் பார்க்க வேண்டியது.

இரண்டு தனிக் கேள்விகள்

பொறித் தேர்வு பற்றிய பேச்சில் இரண்டு கேள்விகள் அடிக்கடி ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

முதல் கேள்வி, பொறியை யார் தருகிறார் என்பது. நிரலாக்கக் கருவியைத் தந்த நிறுவனமே பொறியையும் தந்தால் அது உள்ளிணைந்த பொறி. வேறொரு நிறுவனமோ தன்னார்வக் குழுவோ தந்தால் அது மூன்றாம் தரப்புப் பொறி.

இரண்டாம் கேள்வி, பொறி எங்கே இயங்குகிறது என்பது. சில பொறிகள் ஒரு நிரல் நூலகமாக மென்பொருளுக்குள்ளேயே இயங்கித் தரவுக் கோப்பை நேரடியாகத் திறக்கும். இவை உட்பொதி பொறிகள். வேறு சில தனி நிரலாக ஒரு வழங்கியில் இயங்கும். மென்பொருள் அதனிடம் கேள்வி அனுப்பி விடை பெறும். இவை வழங்கிப் பொறிகள்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நான்கு வகைகள் கிடைக்கும்.

• கருவியோடு வந்து, மென்பொருளுக்குள் இயங்குபவை: மைக்ரோசாஃப்ட் ஜெட், போர்லாண்ட் தரவுத்தளப் பொறி.
• கருவி நிறுவனமே தந்து, வழங்கியாக இயங்குபவை: மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ்.
• மூன்றாம் தரப்பு தந்து, மென்பொருளுக்குள் இயங்குபவை: எஸ்கியூலைட், பெர்க்லி டிபி.
• மூன்றாம் தரப்பு தந்து, வழங்கியாக இயங்குபவை: போஸ்ட்கிரெஸ்கியூஎல், மைஎஸ்கியூஎல், மரியாடிபி.

யார் தருகிறார் என்பது உரிமம், விலை, எதிர்கால ஆதரவு ஆகியவற்றைத் தீர்மானிக்கிறது. எங்கே இயங்குகிறது என்பது எத்தனை பேர் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம், தரவு எவ்வளவு பாதுகாப்பாக இருக்கும், நாள்தோறும் யார் பராமரிக்க வேண்டும் என்பவற்றைத் தீர்மானிக்கிறது. இரண்டையும் தனித்தனியே எண்ணிப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

வரலாற்றுப் பின்னணி

தனியாள் கணினிகளில் தரவுத்தளத்தைப் பரவலாக்கியது டிபேஸ். அமெரிக்காவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் பணியாற்றிய வெய்ன் ராட்லிஃப் எழுதிய 'வல்கன்' என்ற நிரலை ஆஷ்டன்-டேட் நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் டிபேஸ் 2 என்ற பெயரில் விற்றது. அதில் நிரல்மொழியும் தரவுத்தளமும் ஒன்றாகவே இருந்தன. பொறியைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. கிளிப்பர், பாக்ஸ்பேஸ், பாக்ஸ்புரோ ஆகியன அதே கோப்பு வடிவத்தைப் பின்பற்றின. 1990-களில் இந்தியாவின் கணினிப் பயிற்சி மையங்களில் டிபேஸும் பாக்ஸ்புரோவும் பரவலாகக் கற்பிக்கப்பட்டன.

விண்டோஸ் காலத்தில் இரண்டு உள்ளிணைந்த பொறிகள் பெயர் பெற்றன. மைக்ரோசாஃப்ட் 1992-இல் வெளியிட்ட அக்சஸ் மென்பொருளில் ஜெட் பொறி இருந்தது. 1993-இல் வந்த விஷுவல் பேசிக் 3 அதனை நிரலர்களின் கைக்குக் கொண்டுவந்தது. போர்லாண்ட் நிறுவனம் 1995-இல் டெல்ஃபி நிரலாக்கக் கருவியை வெளியிட்டபோது அதனுடன் போர்லாண்ட் தரவுத்தளப் பொறியையும் சேர்த்துத் தந்தது. பாரடாக்ஸ், டிபேஸ் கோப்புகளை அது நேரடியாகத் திறந்தது. திரையில் ஓர் அட்டவணைக் கட்டத்தை வைத்து, கோப்பின் பெயரைச் சொன்னால் போதும், தரவு தோன்றிவிடும். இந்த எளிமையால் பல்லாயிரம் சிறு மென்பொருள்கள் இப்பொறிகளின் மேல் எழுந்தன.

உள்ளிணைந்த பொறியின் நிறைகள்

உள்ளிணைந்த பொறிக்குத் தனியாகப் பணம் செலுத்த வேண்டியதில்லை. கருவியின் உதவி நூலிலேயே அதற்கான விளக்கமும் இருக்கும். கருவியும் பொறியும் ஒரே இடத்திலிருந்து வருவதால் ஒன்றோடொன்று பொருந்துமா என்ற ஐயம் குறைவு. புதிதாகக் கற்போர் ஓரிரு நாள்களில் இயங்கும் மென்பொருளை உருவாக்கிவிடலாம். ஒரே கணினியில் ஒருவர் மட்டுமே பயன்படுத்தும் மென்பொருளுக்கு இதுவே பெரும்பாலும் போதுமானது.

உள்ளிணைந்த பொறியின் குறைகள்

முதல் குறை, அதன் ஆயுள் கருவி நிறுவனத்தின் கையில் இருப்பது. பாக்ஸ்புரோவை உருவாக்கிய நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 1992-இல் வாங்கியது. அடுத்த பதிப்பு வராது என்று 2007-இல் அறிவித்தது. 2015 சனவரியில் விஷுவல் பாக்ஸ்புரோ 9-க்கான ஆதரவு முடிந்தது. போர்லாண்ட் தரவுத்தளப் பொறி 2014-இல் வந்த டெல்ஃபி எக்ஸ்இ7 பதிப்பின் நிறுவலில் சேர்க்கப்படவில்லை. ஜாவாவுடன் 2006 முதல் 'ஜாவா டிபி' என்ற பெயரில் வந்துகொண்டிருந்த பொறி 2017-இல் வெளிவந்த 9-ஆம் பதிப்பில் நீக்கப்பட்டது. கைப்பேசிக் கருவிகளுக்கும் சிறு மென்பொருள்களுக்கும் மைக்ரோசாஃப்ட் தந்த எஸ்கியூஎல் சர்வர் காம்பாக்ட் பொறியின் ஆதரவு 2021-இல் முடிந்தது. இந்தப் பொறிகளை நம்பியிருந்த மென்பொருள்கள் மறுநாளே நின்றுவிடவில்லை. ஆனால் புதிய இயங்குதளத்தில் நிறுவுவதும், பாதுகாப்புத் திருத்தம் பெறுவதும், அதை அறிந்த நிரலரைத் தேடுவதும் ஆண்டுக்கு ஆண்டு கடினமாயின.

இரண்டாம் குறை, அளவு வரம்பு. ஜெட் 4 பொறியில் ஒரு தரவுத்தளக் கோப்பு 2 ஜிபிக்கு மேல் வளர முடியாது. விஷுவல் பாக்ஸ்புரோவில் ஒவ்வோர் அட்டவணைக்கும் அதே 2 ஜிபி வரம்பு உண்டு.

மூன்றாம் குறையே நடைமுறையில் மிகுந்த இழப்பை ஏற்படுத்தியது. ஒரு கணினிக்காக வடிவமைக்கப்பட்ட தரவுக் கோப்பை அலுவலக வலையமைப்பின் பகிர்வுக் கோப்புறையில் வைத்து, ஐந்தாறு கணினிகளிலிருந்து திறப்பது வழக்கமானது. அங்கு மையமாகப் பொறி ஏதும் இயங்குவதில்லை. ஒவ்வொரு கணினியிலும் ஒரு பொறி இயங்கி, ஒரே கோப்பில் தனித்தனியே எழுதுகிறது. யார் எந்தப் பதிவைப் பூட்டியிருக்கிறார் என்பதை அக்சஸ் ஒரு தனிப் பூட்டுக் கோப்பில் குறித்து வைக்கும். பாரடாக்ஸும் ஒரு கட்டுப்பாட்டுக் கோப்பை வைத்துக்கொள்ளும். ஒரு கணினி எழுதிக்கொண்டிருக்கும்போது அணைந்தாலோ, வலையமைப்புக் கம்பி கழன்றாலோ, சுட்டெண்ணும் தரவும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகலாம். சிதைந்த சுட்டெண்ணைச் சரிசெய்யும் கருவிகள் இந்தப் பொறிகளுடன் வழக்கமாகவே வந்தன. அந்த அளவுக்கு இந்தச் சிதைவு அறியப்பட்ட ஒன்றாக இருந்தது.

எஸ்கியூலைட்

மூன்றாம் தரப்பு உட்பொதி பொறிகளில் மிகப் பரவலானது எஸ்கியூலைட். 2000-ஆம் ஆண்டில் டி. ரிச்சர்ட் ஹிப் இதனை உருவாக்கினார். அப்போது அவர் அமெரிக்கக் கடற்படையின் ஏவுகணைப் போர்க்கப்பல் ஒன்றுக்கான மென்பொருளில் பணியாற்றினார். அந்த மென்பொருள் இன்ஃபார்மிக்ஸ் என்ற வழங்கிப் பொறியைச் சார்ந்திருந்தது. வழங்கி நின்றால் மென்பொருளும் நின்றது. தரவுத்தளத்தைத் தனியாக நிறுவாமலும், அதற்கென ஒரு நிருவாகி இல்லாமலும் நிரல் இயங்க வேண்டும் என்ற எண்ணத்திலிருந்து எஸ்கியூலைட் பிறந்தது.

இதன் மூலநிரல் பொதுவுடைமையாக விடப்பட்டுள்ளது. யாரும் எதற்கும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பில் அடங்கும். ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் கைப்பேசிகளிலும், குரோம், பயர்பாக்ஸ் உலாவிகளிலும் இது உள்ளது. பைத்தான் மொழியின் செந்தர நூலகத்தில் 2006-இல் வந்த 2.5 பதிப்பு முதல் இடம்பெற்றுள்ளது. பைத்தான் கற்கும் மாணவருக்கு இது உள்ளிணைந்த பொறியாகவே கிடைக்கிறது. மூன்றாம் தரப்பில் உருவான ஒன்று கருவியின் பகுதியாகவே மாறியதற்கு இது சான்று. 2050 வரை ஆதரவளிக்கும் நோக்கம் இருப்பதாக இதன் உருவாக்குநர்கள் அறிவித்துள்ளனர். தரவுத் தொகுப்புகளைச் சேமிக்கப் பரிந்துரைக்கப்படும் வடிவங்களுள் ஒன்றாக அமெரிக்க நாடாளுமன்ற நூலகமும் இதனைக் குறிப்பிடுகிறது.

எஸ்கியூலைட்டுக்கும் எல்லைகள் உண்டு. ஒரு தரவுத்தளத்தில் பலர் ஒரே நேரத்தில் படிக்கலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒருவரே எழுதலாம். 2010-இல் சேர்க்கப்பட்ட முன்னெழுத்துப் பதிவேட்டு முறையில் எழுதுபவரால் படிப்பவர்கள் தடைபடுவதில்லை. எனினும் எழுதுபவர் ஒருவரே என்ற விதி மாறவில்லை. இந்த முறை வலையமைப்புக் கோப்புறைகளில் இயங்காது. பயனர் கணக்கு, கடவுச்சொல், அதிகாரப் பகிர்வு ஆகியன இதில் இல்லை. கோப்பு யார் கையில் கிடைக்கிறதோ அவரால் அதைத் திறக்க முடியும்.

வழங்கிப் பொறிகள்

போஸ்ட்கிரெஸ்கியூஎல், 1986-இல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய 'போஸ்ட்கிரெஸ்' ஆய்வுத் திட்டத்திலிருந்து வளர்ந்தது. 1996-இல் இப்பெயரைப் பெற்றது. மைஎஸ்கியூஎல் 1995-இல் சுவீடனில் தோன்றியது. இத்தகைய பொறிகளில் தரவுக் கோப்புகளைத் தொடுவது வழங்கியில் இயங்கும் பொறி மட்டுமே. பயனர் கணினி ஒன்று திடீரென அணைந்தால், அதன் முடிவுறாத பரிமாற்றத்தைப் பொறி நீக்கிவிடும். மற்றவர்களின் வேலை தொடரும். ஒரு பதிவைக் கேட்டால் அந்தப் பதிவு மட்டுமே வலையமைப்பில் பயணிக்கும். பகிர்வுக் கோப்புறை முறையில் அதற்கெனச் சுட்டெண்ணின் பல பக்கங்கள் வலையமைப்பில் பயணிக்க வேண்டும்.

வழங்கிப் பொறிக்குரிய விலை, பராமரிப்பு. யாரேனும் அதை நிறுவ வேண்டும், கடவுச்சொல் வைக்க வேண்டும், புதுப்பிக்க வேண்டும், காப்புநகல் எடுக்க வேண்டும். இதைச் செய்ய ஆளில்லாத இடத்தில் வழங்கிப் பொறி இடராக மாறும். 2003 சனவரி 25 அன்று 'ஸ்லாமர்' என்ற புழு சில நிமிடங்களில் சுமார் 75,000 கணினிகளைத் தாக்கியது. அது மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வர் 2000 பொறியிலும் அதன் இலவசச் சிறு வடிவத்திலும் இருந்த பிழையைப் பயன்படுத்தியது. அதற்கான திருத்தம் ஆறு மாதங்களுக்கு முன்பே வெளியாகியிருந்தது. அந்தச் சிறு வடிவம் பல மென்பொருள்களுக்குள் சேர்த்து நிறுவப்பட்டிருந்ததால், தங்கள் கணினியில் ஒரு தரவுத்தள வழங்கி இயங்குவதே பலருக்குத் தெரியாது. 2017 சனவரியில், கடவுச்சொல் இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான மாங்கோடிபி தரவுத்தளங்கள் அழிக்கப்பட்டு மீட்புத்தொகை கேட்கப்பட்டது. இரு நிகழ்வுகளிலும் பராமரிப்பின் குறையே இழப்பைப் பெரிதாக்கியது.

ஒரே பொருள், இரு முடிவுகள்

நூல்களைப் பற்றிய தரவைக் கையாளும் இரண்டு திறமூல மென்பொருள்கள் இந்தத் தேர்வை நன்கு விளக்குகின்றன.

காலிபர் என்பது தனி ஒருவர் தம் மின்னூல்களை ஒழுங்குபடுத்த உதவும் மென்பொருள். கோவிட் கோயல் 2006-இல் இதனைத் தொடங்கினார். நூல்களின் பெயர், ஆசிரியர், குறிச்சொல் ஆகியவற்றை இது நூலகக் கோப்புறையிலேயே ஓர் எஸ்கியூலைட் கோப்பில் வைத்துக்கொள்கிறது. பயனர் தரவுத்தளம் என்ற சொல்லையே அறிய வேண்டியதில்லை. கோப்புறையைப் படியெடுத்தால் நூலகம் முழுவதும் படியெடுக்கப்படும். அந்தக் கோப்புறையை வலையமைப்பு இயக்ககத்தில் வைக்க வேண்டாம் என்று காலிபரின் கையேடு அறிவுறுத்துகிறது.

கோஹா என்பது பொது நூலகங்களுக்கும் கல்லூரி நூலகங்களுக்குமான மென்பொருள். நியூசிலாந்தில் 1999-இல் உருவாகத் தொடங்கியது. இந்திய நூலகங்கள் பலவும் இதைப் பயன்படுத்துகின்றன. ஒரு மேசையில் நூல் வழங்கப்படும்போதே மற்றொரு மேசையில் நூல் திரும்பும். உள்ளே ஒருவர் புது நூலைப் பட்டியலிடுவார். வெளியே வாசகர்கள் இணையவழியில் தேடுவார்கள். ஆகவே கோஹா மைஎஸ்கியூஎல் அல்லது மரியாடிபி வழங்கியைப் பயன்படுத்துகிறது. அதை நிறுவி நடத்தப் பயிற்சி பெற்ற ஒருவர் தேவை.

இரண்டும் நூற்பட்டியல்தான். எத்தனை நூல் என்பது இந்த முடிவைத் தீர்மானிக்கவில்லை. எத்தனை பேர் ஒரே நேரத்தில் எழுதுகிறார்கள் என்பதும், பராமரிக்க ஆள் இருக்கிறாரா என்பதுமே தீர்மானித்தன.

தேர்வுக்கான அளவுகோல்கள்

தரவின் அளவு. பெரும்பாலான சிறு நிறுவனங்கள் தங்கள் தரவை மிகையாக மதிப்பிடுகின்றன. 1,000 மாணவர்கள் உள்ள ஒரு பள்ளியில் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 12 கட்டணப் பதிவுகள் எனக் கொண்டால் 12,000 பதிவுகள். ஒரு பதிவுக்கு 200 பைட்டு எனில் ஆண்டுக்கு 2.4 எம்பி. பத்தாண்டுகளில் 24 எம்பி. எந்தப் பொறிக்கும் இது சிறு சுமையே. ஒளிப்படங்களையும் வருடப்பட்ட ஆவணங்களையும் தரவுத்தளத்திற்குள்ளேயே வைத்தால் மட்டுமே அளவு வரம்பு விரைவில் எட்டும்.

எழுதுவோர் எண்ணிக்கை. அதே பள்ளியில் கட்டணத்தை ஒரே எழுத்தர் ஒரே கணினியில் பெற்றால் உட்பொதி பொறி போதும். நான்கு சாளரங்களில் நான்கு கணினிகள் இருந்தால் வழங்கிப் பொறியே தக்கது. பகிர்வுக் கோப்புறையில் கோப்பை வைத்துச் சமாளிப்பது தீர்வாகாது. இன்று ஒரு கணினி, அடுத்த ஆண்டு நான்கு என்ற வாய்ப்பு இருந்தால் தொடக்கத்திலேயே அதற்கேற்பத் திட்டமிடுவது நல்லது.

காப்புநகல். உட்பொதி பொறியின் கோப்பைப் படியெடுப்பது எளிது போலத் தோன்றும். ஆனால் மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கும்போது கோப்பைப் படியெடுத்தால் அந்தப் படி சிதைந்ததாக இருக்கலாம். மென்பொருளை மூடிய பின் படியெடுக்க வேண்டும், அல்லது பொறியே தரும் காப்புநகல் வசதியைப் பயன்படுத்த வேண்டும். வழங்கிப் பொறிகளில் இயங்கிக்கொண்டிருக்கும்போதே காப்புநகல் எடுக்கும் கருவிகள் உள்ளன. எந்த முறையானாலும், எடுத்த காப்புநகலை வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்தால்தான் அது பயன்படும் என்பது உறுதியாகும்.

உரிமம். இலவசம் என்ற சொல் எல்லாப் பொறிக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. எஸ்கியூலைட் பொதுவுடைமை. போஸ்ட்கிரெஸ்கியூஎல் மிகத் தளர்வான உரிமம் கொண்டது. மைஎஸ்கியூஎல் ஜிபிஎல் உரிமத்திலும் வணிக உரிமத்திலும் கிடைக்கிறது. தன் மென்பொருளோடு சேர்த்து அதை விற்க விரும்புவோர் உரிமத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் 2022 பதிப்பில் ஒரு தரவுத்தளம் 10 ஜிபி வரையே வளரலாம். அதற்கு மேல் கட்டணப் பதிப்புக்கு மாற வேண்டும்.

உரிமையாளர் மாற்றம். மூன்றாம் தரப்புப் பொறியும் கைமாறும். மைஎஸ்கியூஎல்லில் பரிமாற்ற வசதியைத் தந்த இன்னோடிபி பகுதி ஒரு ஃபின்லாந்து நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்தது. 2005-இல் ஆரக்கிள் அந்நிறுவனத்தை வாங்கியது. 2006-இல் பெர்க்லி டிபியையும் வாங்கியது. 2008-இல் மைஎஸ்கியூஎல்லை சன் நிறுவனம் வாங்க, 2010-இல் சன் நிறுவனமே ஆரக்கிளிடம் சேர்ந்தது. 2013-இல் பெர்க்லி டிபி முன்பைவிடக் கடுமையான உரிமத்துக்கு மாறியது. எனினும் மூலநிரல் திறந்திருந்ததால் மைஎஸ்கியூஎல்லின் உருவாக்குநர் மைக்கேல் விடேனியஸ் 2009-இல் மரியாடிபி என்ற கிளையைத் தொடங்க முடிந்தது. மூடிய உள்ளிணைந்த பொறி கைவிடப்பட்டால் இத்தகைய வழி இல்லை. திறமூலப் பொறியைத் தேர்வதற்கான வலுவான காரணம் இதுவே.

தமிழ்த் தரவும் பொறியும்

தமிழில் தரவைச் சேமிக்கும் மென்பொருளுக்கு மேலும் இரண்டு சோதனைகள் உண்டு.

முதலாவது, இட அளவு. யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டு இடம் பிடிக்கும். 'தமிழ்' என்ற சொல்லில் மூன்று எழுத்துகள் இருந்தாலும் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள் உள்ளன. எனவே அது 15 பைட்டு ஆகிறது. ஆரக்கிளில் இயல்பான அமைப்பில் நீளம் பைட்டுக் கணக்கில் அளக்கப்படுவதால், பத்து என்று நீளம் குறித்த புலத்தில் இச்சொல் அடங்காது. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லும் மைஎஸ்கியூஎல்லும் குறிகளின் எண்ணிக்கையை அளக்கின்றன. எஸ்கியூலைட் குறிக்கப்பட்ட நீளத்தைக் கட்டாயப்படுத்துவதே இல்லை. ஜெட் பொறி 4-ஆம் பதிப்பில்தான் யூனிகோடுக்கு வந்தது. அதற்கு முந்தைய கோப்புகளில் தமிழ், எழுத்துருவைச் சார்ந்த குறியேற்றங்களில் சேமிக்கப்பட்டது. அவற்றைப் புதிய பொறிக்கு மாற்றும்போது குறியேற்ற மாற்றமும் செய்ய வேண்டும்.

இரண்டாவது, அகரவரிசை. யூனிகோடு அட்டவணையில் 'ன' எழுத்து 'ந'வுக்கும் 'ப'வுக்கும் இடையிலும், 'ற' எழுத்து 'ர'வுக்கும் 'ல'வுக்கும் இடையிலும் உள்ளன. குறியெண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தினால் 'அன்பு' முன்னும் 'அப்பம்' பின்னும் வரும். 'அறம்' முன்னும் 'அலை' பின்னும் வரும். தமிழ் நெடுங்கணக்கின்படி இவை தலைகீழாக இருக்க வேண்டும். எஸ்கியூலைட் இயல்பாகக் குறியெண் வரிசையையே பின்பற்றும். தமிழ் ஒழுங்கு வேண்டுமானால் ஐசியூ என்ற விரிவைச் சேர்க்க வேண்டும் அல்லது நிரலர் தாமே ஒப்பீட்டு விதியை எழுத வேண்டும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பு முதல் ஐசியூ ஒழுங்குகளை ஏற்கிறது. பெயர்ப் பட்டியல் அச்சிடும் மென்பொருளுக்கு இது சிறிய செய்தியன்று.

மாற்றத்துக்கு வழி வைத்தல்

எந்தத் தேர்வும் என்றென்றைக்கும் சரியாக இருக்காது. எனவே பின்னர் மாறுவதற்கான வழியைத் தொடக்கத்திலேயே வைப்பது அனுபவமுள்ள நிரலர்களின் வழக்கம்.

• தரவுத்தளத்தைத் தொடும் நிரல் வரிகளை ஒரே பகுதியில் தொகுத்து வைத்தல். திரை நிரலிலும் அறிக்கை நிரலிலும் சிதறவிட்டால், பொறியை மாற்றும்போது முழு மென்பொருளையும் திருத்த வேண்டியிருக்கும்.
• எஸ்கியூஎல் மொழியின் பொதுவான பகுதியையே இயன்றவரை பயன்படுத்துதல். முதல் பத்துப் பதிவுகளை மட்டும் கேட்பதற்குக்கூட எஸ்கியூஎல் சர்வர் ஒரு சொல்லையும் மைஎஸ்கியூஎல் வேறொரு சொல்லையும் பயன்படுத்துகின்றன.
• தரவின் வகையில் கண்டிப்பாக இருத்தல். எண்ணுக்கான புலத்தில் சொல்லை எழுதினாலும் எஸ்கியூலைட் இயல்பாக ஏற்றுக்கொள்ளும். தேதிக்கெனத் தனி வகையும் அதில் இல்லை. அத்தகைய தரவைப் போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஏற்க மறுக்கும். 2021 முதல் எஸ்கியூலைட்டில் கண்டிப்பான அட்டவணை வசதி உள்ளது.
• முழுத் தரவையும் உரைக்கோப்பாக வெளியேற்றும் வசதியை மென்பொருளிலேயே தருதல். பொறியும் மென்பொருளும் மறைந்த பின்னும் அந்தக் கோப்பை எந்தக் கணினியிலும் படிக்கலாம்.

கடைசி வசதி, மென்பொருளை எழுதியவரைவிட அதை வாங்கியவருக்கு முக்கியமானது. எழுதிய நிரலர் வேறு பணிக்குச் சென்றுவிட்டாலும், வாங்கிய பள்ளியோ மருத்துவமனையோ கூட்டுறவுச் சங்கமோ தன் பதிவேடுகளை இழக்கக் கூடாது. தனிப்பயன் மென்பொருளை எழுதித்தரச் சொல்லும் ஒப்பந்தத்தில் பொறியின் பெயர், கோப்பின் வடிவம், நிருவாகியின் கடவுச்சொல், தரவை வெளியேற்றும் முறை ஆகிய நான்கும் எழுத்தில் இருப்பது வாங்குவோருக்குப் பாதுகாப்பு.

தொகுப்பு

ஒருவர், ஒரு கணினி, பராமரிக்க ஆளில்லை என்ற நிலையில் உட்பொதி பொறி தக்கது. அதிலும் கருவியோடு மட்டுமே கட்டுண்ட மூடிய பொறியைவிட, எந்தக் கருவியிலிருந்தும் திறக்கக்கூடிய எஸ்கியூலைட் போன்ற திறந்த பொறி நீண்ட காலத்துக்கு உதவும். பலர் ஒரே நேரத்தில் எழுதும் நிலையிலும், யார் எதைப் பார்க்கலாம் என்ற அதிகாரப் பகிர்வு தேவைப்படும் நிலையிலும் வழங்கிப் பொறி தக்கது. அப்போது பராமரிப்புக்குரிய ஆளையும் நேரத்தையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். கைப்பேசிச் செயலிகள் பலவற்றில் இரண்டும் சேர்ந்தே இயங்குகின்றன. கையில் உள்ள கருவியில் எஸ்கியூலைட் தரவை வைத்திருக்கும், இணையம் கிடைக்கும்போது தொலைவில் உள்ள வழங்கியோடு ஒத்திசைக்கும். கருவியோடு இலவசமாக வந்தது என்பதோ, பெரிய நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன என்பதோ மட்டும் தேர்வுக்குப் போதுமான காரணம் ஆகாது.